பெற்றது ஒன்பது, வளர்த்தது நான்கு

சராசரி ஆயுள் என்ற சொற்றொடர் நம் பத்திரிகைகளில் கையாளப்படும் விதம் குறித்து எனக்கு நெடுநாளாகவே ஒரு மனக்குறை உண்டு. 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 20 என்று எங்கேனும் வாசிக்கிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைக் கொண்டு பின்னாளில் கணிக்கப்பட்ட எண் அது. 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போன பத்தாண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்த எண்ணை வாசித்தவுடன் நண்பர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுவார்கள். அக்காலத்தில் இருபது வயதிலேயே மனிதர்கள் தளர்ந்து மாண்டார்கள் என்று ஒரு கட்சி பரிதாபப்படும். ‘என் கொள்ளுத்தாத்தா ராகிக் களி தின்று 95 வயது வரை ஏர் பிடித்தார், இதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதிவைத்த கணக்கு’ என்று மற்றொரு கட்சி சீறும். முன்னவர் எண்ணைத் தவறாக வாசிக்கிறார். பின்னவர் வாசிக்கவே மறுக்கிறார். கொள்ளுத்தாத்தாவின் 95ஐ நான் ஐயுறவில்லை. அந்தப் பத்தாண்டின் 20ஐயும் ஐயுறவில்லை. இரண்டும் ஒரே வீட்டுக்குள், ஒரே கூரையின் கீழ் இருந்தவை.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. (எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களில் பாதி ‘அள்ளி’ என்றே முடியும். வெளியூர் நண்பர்கள் எந்த அள்ளி என்று கேட்டுக் குழம்புவது வழக்கம்.) என் அப்பாவைப் பெற்ற ஆயாவிடம் பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் ஒரே விடைதான் வரும். “பெத்தது ஒன்பது கண்ணு, வளத்தது நாலு.” துயரமோ பெருமையோ அந்தக் குரலில் இராது. காட்டில் விதைத்தது இத்தனை வள்ளம், அறுத்தது இத்தனை மூட்டை என்று சொல்கிற அதே குரல். வளராத ஐவரைப் பற்றித் துருவிக் கேட்டால் “தங்கலை” என்பார். தங்காத ஐவரில் இருவர் பிறந்த சில நாட்களில் போனவர்கள். ஒன்று நான்கு மாதம். ஒன்று இரண்டு வயதில் வயிற்றுப்போக்கில். இன்னொன்று ஆறு வயதில் அம்மை போட்டு. வளர்ந்த நால்வரும் இன்று இல்லை. என் அப்பா 51 வயதில் இறந்தார், சித்தப்பா 68, சின்ன அத்தை 74, பெரிய அத்தை 79.

இந்த ஒன்பது பேரின் ஆயுளையும் கூட்டினால் 280 ஆண்டுகளும் சில மாதங்களும் வரும். ஒன்பதால் வகுத்தால் 31. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 அளவில் இருந்தது என்பார்கள். எங்கள் ஆயாவின் வயிறு நாட்டின் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போயிருக்கிறது. ஆனால் இந்த ஒன்பது பேரில் 31 வயதில் இறந்தவர் எவருமில்லை. 6க்கும் 51க்கும் இடையில் ஒரு சாவு கூட இல்லை. சராசரி சுட்டும் அந்த வயதைச் சுற்றி வெகுதூரத்துக்கு வெறும் வெளிதான். மக்கள்தொகை நூல்களில் வரும் கணிப்பு இதைவிடச் சிக்கலானது. ஒவ்வொரு வயதுக்கும் அந்த ஆண்டில் நிலவும் இறப்பு விகிதத்தை எடுத்து, கற்பனையான ஒரு லட்சம் குழந்தைகளை அந்த விகிதங்களின் வழியே நடத்திச் சென்று, அவர்கள் வாழும் மொத்த ஆண்டுகளை எண்ணுவது. ஆயினும் எண்ணின் குணம் இதுவேதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சில நாட்களில் போன குழந்தைகளுள் ஒன்று மட்டும் பிழைத்து, உடன்பிறந்தோரைப் போல 68 வயது வரை வாழ்ந்திருந்தால் எங்கள் வீட்டுச் சராசரி 31லிருந்து 38க்கு மேல் ஏறியிருக்கும். அதற்கு மாறாக, என் அப்பா 51ல் போகாமல் தன் தங்கையைப் போல 74 வரை இருந்திருந்தால்? சராசரி இரண்டரை ஆண்டுதான் கூடும். எண்ணின் தராசில் பெயர் கூட வைக்கப்படாத ஒரு சிசுவின் எடை என் அப்பாவின் எடையைப் போல மூன்று மடங்கு. இதைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திய நாட்களில் ஒருமுறை கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிட்டு, மணியடிக்கும் முன்பே அழித்துவிட்டேன்.

தேசத்தின் கணக்கிலும் இதே நிலைதான். 1970-75ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறையின் கணிப்பில் இந்தியாவில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 49.7. 2016-20க்கான கணிப்பில் அது 70. இருபது ஆண்டுகள் கூடியிருக்கின்றன. அதே அட்டவணைகளில் சற்றுக் கீழே இறங்கி, 60 வயதை எட்டிவிட்டவர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்று பாருங்கள். அன்று ஏறத்தாழ 14. இன்று ஏறத்தாழ 18. நான்கே ஆண்டுகள்தான் கூடியிருக்கின்றன. கிழவர்களின் ஆயுள் நீண்டதால் நாட்டின் ஆயுள் நீண்டது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1971ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். 2020ல் 28. தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்த இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி தொட்டிலில் சேர்த்தவை.

இந்த எண் ஆரூடமும் அன்று. கொரோனா ஆண்டான 2021ல் இந்தியாவின் சராசரி ஆயுள் 67 அளவுக்கு இறங்கியதாக ஐக்கிய நாடுகள் அவை கணித்தது. அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் 67 வயதில் இறப்பார்கள் என்று அதற்குப் பொருளில்லை. அந்த ஓராண்டின் சாவுகள் அப்படியே என்றென்றும் நீடித்தால் என்ன ஆகும் என்கிற ஒரு கேள்விக்கான விடை, அவ்வளவே. 2023க்குள் எண் 72ஐத் தொட்டுவிட்டது.

குழந்தைகளின் சாவை எண்ணுவது என்பதே மனிதகுல வரலாற்றில் பிந்தி வந்த பழக்கம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குச் சென்றவர்கள் அங்குள்ள நடுகற்களைப் பார்த்திருப்பார்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்டவன், புலியோடு பொருது பட்டவன், பன்றியைக் குத்தி வீழ்ந்தவன் என்று கல்லில் உறைந்து நிற்கும் மனிதர்கள். எங்கள் மாவட்டத்தின் பழைய எழுத்துகளில் பெரும்பங்கு, அகாலத்தில் இறந்த ஆண்களின் பதிவுதான் என்று அங்கே நிற்கும்போது எனக்குத் தோன்றும். மூப்படைந்து படுக்கையில் போனவனுக்குக் கல் இல்லை. பிள்ளைப்பேற்றில் போனவளை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று வீட்டுக்குள் வைத்துக் கும்பிடுவார்கள். சிசுவுக்கு இவற்றில் எதுவுமில்லை. எரிக்காமல் புதைப்பார்கள், கருமாதி கிடையாது, அடுத்த மழைக்கு இடம் தெரியாது. லண்டனில் துணி வணிகரான ஜான் கிராண்ட் என்பவர் 1662ல் அந்நகரத்து வாராந்தரச் சாவுப் பட்டியல்களைக் கூட்டிக் கழித்து ஒரு நூல் வெளியிட்டார். பிறந்த நூறு பேரில் முப்பத்தாறு பேர் ஆறு வயதுக்குள் இறந்துவிடுவதாக அவர் கணித்தார். ஆயுள் அட்டவணை என்ற ஒன்றின் தொடக்கமே அதுதான் என்பர். வேந்தரும் வீரரும் விலகி நிற்க, சிசுக்கள் முதன்முறையாகக் கணக்கில் ஏறினார்கள்.

சிசுக்களைப் பிழைக்க வைப்பது எது என்பது அடுத்த கேள்வி. பணம் என்பது முதலில் நாவில் வரும் விடை. சாமுவேல் பிரஸ்டன் என்ற அமெரிக்க மக்கள்தொகை அறிஞர் 1975ல் நாடுகளின் வருமானத்தையும் ஆயுளையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் காட்டினார். ஏழை நாடுகளில் வருமானம் சிறிது கூடினாலும் ஆயுள் விரைந்து ஏறுகிறது. ஓரளவுக்குப் பிறகு கோடு படுத்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, காலப்போக்கில் அந்தக் கோடே மேலே நகர்ந்திருக்கிறது. அதே வருமானத்தில் 1930களை விட 1960களில் மனிதர் நெடுநாள் வாழ்ந்தனர். ஆக, பணத்துக்கு வெளியே ஏதோ நடந்திருக்கிறது. தடுப்பூசி, சோப்பு, கொதிக்க வைத்த தண்ணீர், கொசு ஒழிப்பு, எழுதப் படிக்கத் தெரிந்த தாய் என்று அந்த ‘ஏதோ’வைப் பலர் பலவாறு நிரப்பினர். இலங்கையில் 1946ல் ஆயிரத்துக்கு இருபதளவில் இருந்த இறப்பு விகிதம் அடுத்த ஆண்டே பதினான்குக்கு இறங்கிற்று. மலேரியாவுக்கு எதிராக டிடிடி தெளித்த ஆண்டுகள் அவை. தெளிப்பின் பங்கு எவ்வளவு, கிராமங்களுக்குச் சென்ற மருத்துவமனைகளின், உணவுப் பங்கீட்டின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் பின்னாளில் நீண்ட வாதம் நடத்தினர். ஜான் கால்டுவெல் 1986ல் எழுதிய ஆய்வுரையில் இலங்கை, கேரளம், கோஸ்டாரிகா மூன்றையும் ஒன்றாக வைத்து, பெண் கல்வியையும் பெண்ணுக்கு வீட்டில் உள்ள சொல்லுரிமையையும் முன்னிறுத்தினார். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியாரிடம் கேளாமலேயே மருத்துவமனைக்குப் போகக்கூடிய தாய் என்று அதை நான் மொழிபெயர்த்துக்கொள்வேன்.

மருத்துவர் எண்ணிக்கை, படுக்கை எண்ணிக்கை, செலவிட்ட தொகை முதலிய சுட்டெண்களை மட்டும் வைத்து ஆயுளைச் சொல்லிவிட முடியாது. அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. 2021ல் அதன் சராசரி ஆயுள் 76.4. அதில் சிறு பின்னமே செலவிடும் இலங்கையும் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. தமிழ்நாட்டின் கதையும் இந்த வகையைச் சேர்ந்ததே. 1982ல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவு, 1990களின் நடுவில் மருந்துக் கொள்முதலை ஒழுங்குக்குக் கொண்டுவந்த மருத்துவப் பணிகள் கழகம், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி, இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் என்று பலவற்றைச் சொல்வார்கள். பட்டியலில் எப்போதும் விட்டுப்போகிற ஒருவர், தோளில் பையும் கையில் பெரிய பதிவேடுமாக வரப்பில் நடந்து வந்த கிராம சுகாதார செவிலியர். எங்கள் ஊருக்கு வந்தவரை நாங்கள் நர்சம்மா என்போம். யார் வீட்டில் எத்தனையாவது மாதம் என்பது அவருக்குக் கணவன்மாரை விடத் துல்லியமாகத் தெரியும்.

இங்கே தருமபுரியின் பெயரைக் கெடுத்த அந்த விஷயத்துக்கு வந்தாக வேண்டும். பெண் சிசு ஆணை விட உடலால் உறுதியானது. உலகெங்கும் முதலாண்டில் ஆண் குழந்தைகளே கூடுதலாக இறக்கின்றன. ஓர் ஊரில் பெண் குழந்தைகள் கூடுதலாக இறந்தால் அங்கே நோயைத் தவிர வேறொரு கை இருக்கிறது என்று பொருள். 1986ல் உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியபோது அது ஏதோ தென்மாவட்டத்துக் கொடுமை என்றே நாங்கள் நினைத்தோம். 1990களில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைப் புரட்டிய ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரின் ஆய்வுகள் சேலம், தருமபுரிப் பகுதிகளையும் அந்த வரைபடத்தில் கொண்டுவந்து வைத்தன. அந்தப் பதிவேடுகளில் சிசு மரணத்துக்கான காரணங்களின் வரிசையில் குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு என்பவற்றோடு ‘சமூகக் காரணம்’ என்றும் ஒன்று இருந்தது. கொலை என்று எழுதினால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். நோய் என்று எழுத மனம் ஒப்பாது. அந்த இக்கட்டில் பிறந்த சொல் என்றே எனக்குப் படுகிறது. தமிழ் அலுவலக நடையின் மீது எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. இந்த ஒரு சொல்லுக்கு முன் மட்டும் நான் தயங்கி நிற்பதுண்டு. அது மறைத்தது, மறைத்தபடியே எண்ணிக்கையையும் கொடுத்தது. எங்கள் ஆயாவின் ‘தங்கலை’ எண்ணிக்கையைத் தருமே ஒழிய, காரணத்தைக் கேட்க எவரையும் அனுமதிக்காது.

1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கி, 2001ல் தருமபுரி உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் வந்தது. 1990களின் இறுதியில் கலைப்பயணம் என்ற பெயரில் வீதி நாடகக் குழுக்கள் எங்கள் மாவட்டத்துச் சந்தைகளிலும் கோயில் திடல்களிலும் ஆடிப் பாடின. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள் என்றிருந்த மாவட்டம், 2011ல் 913ஐ எட்டியது. இயற்கையான அளவுக்கு இன்னும் குறைவுதான். கருவிலேயே கண்டறிந்து கலைப்பதும் இடையில் புகுந்துகொண்டது. ஆயினும் 826க்கும் 913க்கும் இடையில் இருக்கிற பெண்களில் சிலர் இன்று பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக் கல்லூரிகளுக்குப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். சராசரி ஆயுளின் உயர்வு என்பதற்கு இதைவிடக் கண்கூடான ஒன்றை என்னால் காட்ட இயலாது. நாடு முழுமைக்குமே 1970-75ல் ஆணின் ஆயுள் 50.5, பெண்ணின் ஆயுள் 49 என்றுதான் இருந்தது. பெண் ஆணை முந்தியது 1980களின் தொடக்கத்தில். அதற்கு முன்பான அட்டவணைகளில் உள்ள அந்த ஒன்றரை ஆண்டு வித்தியாசத்தை எந்தக் கிருமியின் மீதும் முழுமையாகச் சாத்திவிட முடியாது.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருசில நாட்களில் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து, மாவட்டத்தின் பெயர் மீண்டும் நாடெங்கும் அடிபட்டது. எடை குறைந்து பிறந்தவை, தொலைவிலிருந்து கடைசி நேரத்தில் கொண்டுவரப்பட்டவை என்று அதிகாரிகள் விளக்கினார்கள். எடை ஏன் குறைகிறது என்ற கேள்வி மருத்துவமனை வாசலுக்கு வெளியே, பதினாறு பதினேழு வயதில் நடக்கும் திருமணங்களிலும் ரத்தசோகையிலும் போய் முடிகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி இடம் எங்கள் மாவட்டத்துக்குத்தான் (68.54 சதவீதம்). கால்டுவெல் இதைப் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.

சிசு மரணம் குறையக் குறைய எண்ணின் குணம் மாறுகிறது. ஆயிரத்துக்கு 13 என்ற நிலையில், அந்தப் பதின்மூன்று குழந்தைகளையும் பிழைக்க வைத்துவிட்டாலும் மாநிலத்தின் சராசரி ஆயுளில் ஓராண்டு கூடக் கூடாது. எஞ்சியிருக்கும் ஆண்டுகள் வேறிடத்தில் கிடக்கின்றன. இதய நோய், புற்றுநோய், நீரிழிவு, நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகிய நான்கினால் 30 வயதுக்கும் 70 வயதுக்கும் இடையில் ஒருவர் இறக்கும் வாய்ப்பை உலக சுகாதார நிறுவனம் ஒரு சுட்டெண்ணாகவே வைத்திருக்கிறது. 2030க்குள் அதை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு. இந்தியாவுக்கு அது நூற்றுக்கு ஏறத்தாழ 22. முப்பது வயதை எட்டிய நூறு பேரில் இருபத்திரண்டு பேர். அவர்கள் ஒவ்வொருவரும் 15 ஆண்டுகளை இழப்பதாக வைத்துக்கொண்டால், நாடு மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழக்கிறது. என் அப்பா இந்த வரியில்தான் இருக்கிறார்.

1989 ஐப்பசியில், ஆலைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். வாயுப் பிடிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். வண்டி பிடித்துக் கிளம்பும்போது பேசிக்கொண்டுதான் இருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் பேச்சு நின்றது. அவருக்கு ரத்த அழுத்தம் இருந்ததா, சர்க்கரை இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. 51 ஆண்டுகளில் ஒருமுறை கூட எவரும் அவர் கையில் பட்டை சுற்றிப் பார்த்ததில்லை. அதன் பின் அக்காவின் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. தம்பி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். கிணற்று மேட்டு நிலம் ஒத்திக்குப் போய், மீளவே இல்லை. சராசரியில் இரண்டரை ஆண்டு என்று நான் கரும்பலகையில் எழுதியது இவை அனைத்தையும்தான். ஆயா அப்போது உயிரோடு இருந்தார். ஐந்து சிசுக்களுக்கு அழாதவர் என்று ஊரில் பேர் வாங்கியவர், மூன்று மாதம் திண்ணையை விட்டு இறங்கவில்லை. “நான் ஏற வேண்டிய வண்டியில அவன் ஏறிட்டான்” என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அகால மரணம் என்ற நம் சொல்லுக்குள் காலம் என்று ஒன்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. மூத்தது முன்னே, இளையது பின்னே என்னும் வரிசை. சிசுவின் சாவு அந்த வரிசைக்கு வெளியே நிகழ்வதாகவே ஆயாவின் தலைமுறை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு ஒன்பது பெற்றார்கள் என்பதால் அந்த மனநிலை சாத்தியமாயிற்று. ஒன்றோ இரண்டோ பெறும் இன்றைய வீட்டில் எந்தச் சாவும் அப்படி உதிர்ந்துவிடாது.

நடுவயதுச் சாவுகளின் பெருக்கம் ஒரு தேசத்தின் எண்ணையே கீழே இழுக்கும் என்பதற்கு ரஷ்யா சான்று. சோவியத் ஒன்றியம் கலைந்த பின் அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 1990ல் இருந்த ஏறத்தாழ 64லிருந்து 1994ல் 58க்கும் கீழே போயிற்று. போரோ கொள்ளைநோயோ இல்லாமல் நான்கு ஆண்டுகளில் ஆறு ஆண்டுகள். வோட்கா அதில் முதற்குற்றவாளி. அதற்கும் முன்னர், 1970களில் சோவியத் ஒன்றியத்தில் சிசு மரண விகிதம் உயரத் தொடங்கியபோது அந்த எண்ணை வெளியிடுவதையே அரசு நிறுத்திவிட்டது. அதைக் கவனித்த எம்மானுவேல் தோத் என்ற இளம் பிரெஞ்சு ஆய்வாளர், அந்த அரசு சரியப்போகிறது என்று 1976லேயே ஒரு நூல் எழுதினார். வெளியிடாமல் விட்ட எண்ணும் சுட்டெண்தான் போலும்.

எங்கள் பக்கத்தில் சாராயமும் பின்னர் கடைச்சரக்கும் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ‘மருந்து குடித்துவிட்டான்’ என்றால் எங்கள் ஊரில் பயிருக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தான் என்று பொருள். நோய்க்கான மருந்தை நாங்கள் மாத்திரை என்போம். 2022ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்தது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அதே ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர் 17,884. உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். தொப்பூர் கணவாயில் இறங்கும் எந்தப் பேருந்திலும் ஓட்டுநர் சற்று நேரம் பேச்சை நிறுத்திக்கொள்வதைக் காணலாம். மருத்துவர் விகிதமும் படுக்கை விகிதமும் இந்தச் சாவுகளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. 1995ல் தற்கொலையில் உலகின் முன்வரிசையில் நின்ற இலங்கை, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பத்தே ஆண்டுகளில் விகிதம் பாதியாயிற்று. இலங்கையர் அந்தப் பத்தாண்டில் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அலமாரியில் இருந்த புட்டி மட்டுமே மாறியது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்கள் ஊருக்கும் வந்தது. பட்டையும் பம்புமாக வீடு தேடி வரும் பெண்மணியை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை 48 வயதான என் சித்தப்பா மகனுக்கு 170க்கு 110 என்று சொன்னார். “தலை சுத்தல, நெஞ்சு வலிக்கல, எனக்கு எதுக்குங்கக்கா மாத்திரை?” என்றான். அந்த அம்மாள் விவாதிக்கவில்லை. மாத்திரை அட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் எண்ணிப் பார்ப்பேன் என்று சொல்லிப் போய்விட்டார். அவன் பாதியைத்தான் விழுங்குகிறான். நர்சம்மாக்கள் கருவுற்ற பெண்களிடம் பெற்ற வெற்றியை இவர்கள் நடுவயது ஆண்களிடம் பெறுவது எளிதன்று. பசியில் அழும் குழந்தையைத் தாயால் பார்க்க முடியும். தன் ரத்த அழுத்தத்தை எவனாலும் பார்க்க முடியாது.

கொல்லாத நோய்களை இந்த எண் சிறிதும் அறியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019க்கு இந்தியாவின் ஆயுளை 70.8 என்றும், நலமாக வாழும் ஆயுளை 60.3 என்றும் கணித்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் எங்கோ கழிகின்றன. எங்கள் மாவட்டத்தில் அதன் பெயர் ஃபுளோரைடு. நிலத்தடி நீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் தீங்கு என்பார்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் 1937லேயே இந்த நோயை மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல்தான் எங்கள் குழாய்களுக்கு வந்தது. இடைப்பட்ட தலைமுறைகளைப் பல்லின் காவி நிறத்தை வைத்தே வெளியூர்க்காரர்கள் அடையாளம் கண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் சிரிக்கச் சொல்வார்கள்.

79 வயது வரை வாழ்ந்த என் பெரிய அத்தை எங்கள் வீட்டுச் சராசரியை எல்லோரையும் விட அதிகமாக உயர்த்தியவர். அவருக்கு நாற்பத்தைந்து வயதிலேயே முதுகு இறுகத் தொடங்கிவிட்டது. ஐம்பதுக்குப் பிறகு கழுத்து திரும்பாது. பின்னால் யாரேனும் கூப்பிட்டால் உடம்பை மொத்தமாகத் திருப்பிக்கொண்டுதான் பார்ப்பார். தரையில் உட்கார்ந்து எழ முடியாமல், கட்டிலோரம் சாய்ந்தபடியே மூன்று பேரப்பிள்ளைகளை வளர்த்தார். ஒகேனக்கல் தண்ணீர் தெருக்குழாயில் வந்த முதல் வாரம் நான் ஊரில் இருந்தேன். கொள்ளுப்பேத்தி ஒரு சொம்பில் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். “சப்புன்னு இருக்குதுடி. நம்ம போர் தண்ணி ருசி வராது” என்றார்.